குறிப்பு கடைமடைக்கு வந்து சேருமா? ஆர்க் மோடும் அப்சிடியனும்

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டதாகக் காவிரியின் கடைமடையான தலைஞாயிறு பக்கத்து விவசாயியிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். அவருக்குத் தன் மதகில் தண்ணீர் விழுந்தால்தான் திறந்ததாகக் கணக்கு. ஆய்வுக் குறிப்பையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மூன்று வருடம் கழித்து, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சரியான பக்க எண்ணோடு வந்து உட்கார வேண்டும்.

வாய்க்கால் முறைவைப்பு பற்றிய என் முதல் குறிப்புகள் வேர்டு கோப்பில், பாமினி எழுத்துருவில் இருந்தன. கணினி மாற்றிய அன்று திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்துகளைத் திருத்தி முடிக்க ஒரு கோடைகாலம் போனது. அதற்கப்புறம் வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். எந்த எடிட்டரில் என்பதுதான் கேள்வி. இமாக்ஸ் என்ற எடிட்டரில் இயங்கும் ஆர்க் மோடு, அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி இரண்டையும் ஆளுக்கொரு வருடம் வைத்துப் பார்த்தேன்.

இரண்டுக்கும் தலைமடை ஒன்றே: ஜோடேரோ என்ற மென்பொருள். நூல் விவரமெல்லாம் அங்கே. பெட்டர் பிப்டெக் என்ற செருகுநிரல் அந்த விவரங்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, மாற்றம் வரும்போதெல்லாம் புதுப்பிக்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சாவி, அதாவது அந்த நூலைக் குறிக்கும் குறும்பெயர். குறிப்பில் சாவியையும் பக்க எண்ணையும் எழுதினால் போதும். சாவியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவியும் தமிழ்ச் சாவியை ஒழுங்காகக் கையாளுவதில்லை.

தலைமடையிலேயே ஓர் அடைப்பு உண்டு. நம் பெயர்கள். 'இளங்கோவன் முருகேசன்' என்று கொடுத்தால் பிப்டெக் என்ற நூற்பட்டியல் முறை கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். எழுதியவர் மகன், பட்டியலில் பெயர் வாங்குபவர் அப்பா! ஜோடேரோவில் பெயரை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாம். எந்த எடிட்டரை எடுத்தாலும் இதை முதலில் செய்துவிட வேண்டும்.

கல்வெட்டுதான் எனக்கு உண்மையான சோதனை. தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) பட்டியல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 2ஆம் தொகுதியில் 66ஆம் எண். இதற்கு ஆசிரியர் யார்? ராஜராஜனா, பதிப்பித்த ஹூல்ஷா? ஆண்டு என்ற கட்டத்தில் ஆட்சியாண்டைப் போட முடியாது. தொகுதிக்கு ஒரே சாவி வைத்து, கல்வெட்டு எண்ணையும் வரியையும் பக்க எண் வரும் இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்தேன். அரசன், ஆட்சியாண்டு, ஊர் எல்லாம் குறிப்பின் தலையில்.

இந்த இடத்தில் ஆர்க் மோடு தனி ரகம். முந்நூறு கல்வெட்டு என்றாலும் ஒரே கோப்பு. ஒவ்வொன்றும் ஒரு தலைப்பு, அதனடியில் அதன் பண்புகள். மடக்கினால் பட்டியல், விரித்தால் முழுப் பாடம். 'ஆட்சியாண்டு இத்தனை, ஊர் இன்னது' என்று கேட்டுச் சலித்தெடுக்கலாம். அப்சிடியனிலும் பண்புகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு கல்வெட்டும் தனிக் கோப்பாகும். எனக்கு அது சிதறலாகப் பட்டது. வயலை வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டே போவது போல.

மேற்கோளிலும் ஆர்க் ஒரு படி முன்னே. 2021இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து மேற்கோள் வசதி அதனுள்ளேயே இருக்கிறது. சிட்டார் என்ற பொதியைச் சேர்த்தால் நூல் பட்டியலைத் தேடிச் சாவியைச் செருகித் தரும். அப்சிடியனில் இந்த வேலையைத் தன்னார்வலர்களின் செருகுநிரல்கள் செய்கின்றன. கடைசியில் பான்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாகத்தான் அடிக்குறிப்பு பிறக்கும். செருகுநிரலை எழுதியவருக்கு அலுத்துப்போனால் நாம் வேறு வாய்க்கால் தேட வேண்டியதுதான்.

ஆனால் வெயிலில் நின்று குறிப்பு எடுக்கும்போது கதை வேறு. திருவாரூர்ப் பக்கத்து ஆய்வாளத் தம்பி ஒருவனுக்கு இமாக்ஸைக் காட்டினேன். அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதக் கத்துக்கவே ஒரு போகம் போயிடும் போலயே" என்றான். மறுக்க முடியவில்லை. அவன் மதகு மதகாகப் போய் விவசாயிகளிடம் பேசுபவன். செல்பேசியில் அப்சிடியனைத் திறந்து வரப்பிலேயே எழுதுகிறான், சிக்னல் இல்லாவிட்டாலும். ஊர்ப் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அந்த ஊர் வந்த குறிப்பெல்லாம் ஒரே இடத்தில் திரள்கிறது. ஆர்க்கில் இதே வேலையை ஆர்க் ரோம் என்ற பொதி செய்யும், ஆனால் அதை நிறுவி வழிக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. செல்பேசியில் இமாக்ஸ் ஓட்டலாம். ஓட்டுபவரை நான் பார்த்ததில்லை.

இமாக்ஸின் இன்னொரு தொல்லை தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. கணினியின் விசைப்பலகையைத் தமிழ்99க்கு மாற்றிவிட்டால் கன்ட்ரோல் விசையோடு சேரும் கட்டளைகள் வேலை செய்யாமல் போகும், எழுத்தே மாறிவிடுவதால். இமாக்ஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைப் பிடித்தால் சரியாகும். இது தெரியாமல் முதல் வாரமே ஓடிப்போனவர்கள் உண்டு. அட்டவணையின் கோடுகளும் தமிழில் நேராக நிற்காது. அதை நான் மன்னித்துவிட்டேன்.

தேடலில் இரண்டுமே நம் இலக்கணத்திடம் தோற்கின்றன. 'மதகு' என்று தேடினால் 'மதகில்' வராது, உகரம் போய்விடுகிறதே. 'மதக' என்று தேட வேண்டும். 'குளம்' தேடினால் 'குளத்தில்' தப்பிவிடும். சரி, 'குள' என்று போடுவோம் என்றால் குளிரும் குளியலும் சேர்ந்து வரும். இணைப்பு போடாத இடங்களையும் ஊர்ப் பெயர் வைத்துக் காட்டுகிறேன் என்று அப்சிடியன் சொல்லும். 'தலைஞாயிறு' அதற்குத் தெரியும், 'தலைஞாயிற்றில்' தெரியாது. இரண்டு கருவியிலும் வழக்கமான தேடலை விட்டு ரெஜெக்ஸ் என்ற வடிவத் தேடலில் இறங்கினால் ஓரளவு தீரும்.

இதைவிடக் கள்ளத்தனமான சிக்கல் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டையும் சமமாக மதிக்கிறது. ஆனால் ரிப்கிரெப் போன்ற வேகத் தேடிகள் குறியீட்டைத்தான் ஒப்பிடும். பழைய கோப்பிலிருந்து மாற்றியெடுத்த 'கொள்ளிடம்' என் தேடலில் ஒரு வருடம் சிக்கவே இல்லை. எல்லாக் கோப்பையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை ஓட்டிய பிறகுதான் அந்த ஆறு தென்பட்டது.

நெறியாளர் வேர்டு கோப்பு கேட்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி மாட்டுவோம். பான்டாக் நல்ல கோப்பைத் தரும், ஆனால் வழக்கமான வழியில் மேற்கோள்கள் அங்கே உயிரற்ற எழுத்தாகிவிடும். அவர் ஓரத்தில் எழுதித் தரும் திருத்தங்களை நான் கையால் மூலக்கோப்புக்குக் கொண்டுவருகிறேன். நெறியாளரோடு ஐந்தாறு சுற்று போகும் என்று தெரிந்தவர்கள், வேர்டில் ஜோடேரோவை நேராக இணைத்துக்கொண்டு டெக்ஸ்ட் கோப்பைக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நான் ஆர்க்கிலேயே இருக்கிறேன், தம்பி அப்சிடியனில். சாவிகள் அடங்கிய கோப்பு மட்டும் எங்கள் இருவருக்கும் பொது. போன மாதம் அவன் தலைஞாயிற்றில் எடுத்த குறிப்பொன்றைப் பான்டாக்கால் ஆர்க்குக்கு மாற்றி என் இயலில் ஒட்டினேன். சாவிகள் கலையவில்லை. ஒரே ஓர் இடத்தில் பக்க எண் இல்லை, கேட்டேன். "அதுவா... புத்தகத்த நூலகத்துல திருப்பிக் குடுத்துட்டேண்ணே" என்றான்.