கோத்தகிரி காமர்ஸ் டியூஷன்: அரியர் இருப்பவர்கள் தயங்காமல் போகலாம்

கோத்தகிரியில் பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்களுக்கு அக்கவுண்ட்ஸ் டியூஷன் எடுக்கும் ஒரு மேடத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பு. வாசலில் போர்டு கிடையாது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. டானிங்டன் பக்கம் எந்தக் கல்லூரிப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். காஸ்ட் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங் இரண்டிலும் அரியரோடு அங்கே போய்ச் சேர்ந்தவள் நான். இரண்டையும் முடித்துவிட்டு, இப்போது தேயிலைக் கொழுந்து வாங்கி அரைக்கும் ஒரு ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

போன முதல் நாள் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடம் அதை வாங்கவே இல்லை. "எந்த ஊரும்மா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். சொன்னேன். ஒரு நோட்டை எடுத்து என் பெயருக்கு நேராக அந்த நேரத்தை எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் எல்லோருடைய பஸ் நேரமும் இருக்கிறது. சோலூர்மட்டம் பக்கம் போகிறவர்கள், அரவேனு பக்கம் போகிறவர்கள், டவுனிலேயே இருப்பவர்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார். யாருக்கு பஸ் சீக்கிரமோ அவர்களுடைய சந்தேகம்தான் முதலில். கணக்கு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நேரமானால் "நீ கிளம்பு, மீதியை அடுத்த கிளாஸ்ல பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரோடு அடைபடுகிற ஊர் இது. செமஸ்டர் பரீட்சையும் சரியாக அந்த நவம்பரில்தான் வரும். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எந்தக் கணக்கும் மண்டையில் ஏறாது என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு சென்டரில் படித்தேன். பெயர் வேண்டாம். அங்கே டெஸ்ட் பேப்பரைக் கொடுக்கும்போது குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இதுகூடத் தெரியாமலா காலேஜுக்கு வந்த?" என்ற கேள்வி தினமும் யாராவது ஒருவருக்கு விழும். அந்த சாருக்குப் பாடம் நன்றாகவே தெரியும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் யாரும் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தன்மையாகப் பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அப்படிப் பேச வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. வளர்ந்துவிட்டார்கள், தாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் அந்த வயதில்தான் ஆறவே ஆறாது.

இங்கே பேப்பர் திருத்துவதே வேறு மாதிரி. சிவப்பு மை கிடையாது, பென்சில்தான். கணக்கு தப்பாக இருந்தால் அதன் மேல் கோடு இழுக்க மாட்டார். எந்த வரி வரைக்கும் சரியோ அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, "இது வரை சரி" என்று சின்னதாக எழுதுவார். அங்கிருந்து நாமே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். முழுக்கணக்கும் தப்பு என்று நினைத்து வாங்கிய பேப்பரில் முக்கால்வாசி சரியாக இருப்பதைப் பார்க்கும்போது வருகிற தெம்பு சாதாரணமானதில்லை.

பிராசஸ் காஸ்டிங் (ஒரு பொருள் ஒவ்வொரு கட்டமாகத் தயாராகும்போது ஆகும் செலவைக் கணக்கிடுவது) நடத்திய நாளைச் சொன்னால் அவர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்பது புரியும். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஃபேக்டரிக்குள்ள 100 கிலோ கொழுந்து போனா எவ்வளவு தூள் வெளிய வரும்?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கொழுந்து பறிக்கிறார், இல்லையென்றால் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். "இருபத்துச் சொச்சம் கிலோ" என்று நாலைந்து குரல் வந்தது. "மீதி எங்க போச்சு?" "தண்ணி மேடம். வாட்டும்போது கொஞ்சம், டிரையர்ல மிச்சம் எல்லாம் போயிடும்." "அதுதான் நார்மல் லாஸ். போகும்னு முன்னாடியே தெரியும். சரி, ஒரு நாள் டிரையர்ல சூடு ஏறி ஒரு பேட்ச் கருகிப் போச்சு. அது?" யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்நார்மல் லாஸ் என்று எல்லோரும் சொன்னோம். ரெண்டாம் வருடம் முழுக்க மனப்பாடம் செய்தும் பிடிபடாத விஷயம் அது.

அப்புறம் கணக்கு. ஒரு பிராசஸில் போட்டது 1,000 கிலோ, மொத்தச் செலவு 18,000 ரூபாய், நார்மல் லாஸ் 10 சதவீதம், கழிவுக்கு விலை இல்லை, கடைசியில் வந்தது 870 கிலோ. என் பக்கத்தில் இருந்த பெண் 900 கிலோ வர வேண்டும் என்று சரியாக எழுதிவிட்டு, 18,000-ஐ 870-ஆல் வகுத்து வைத்திருந்தாள். மேடம் 900-க்குப் பக்கத்தில் டிக் போட்டுவிட்டுக் கேட்டார், "இங்கிருந்து 870-க்கு எதுக்கும்மா போன? என்ன நினைச்சு வகுத்த?" அவள், "கையில இருக்கிறது 870 தானே மேடம்" என்றாள். "நியாயமான யோசனைதான். அப்போ கருகிப்போன 30 கிலோ காசை யார் தலையில கட்டுற?" அவள் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா வந்த தூள் தலையில" என்றாள். அவளே அழித்தாள். 18,000-ஐ 900-ஆல் வகுத்து கிலோ 20 ரூபாய், 30 கிலோவுக்கு 600 ரூபாய் அப்நார்மல் லாஸ், அதைக் காஸ்டிங் பி அண்ட் எல்-க்கு, அதாவது லாப நஷ்டக் கணக்குக்குத் தள்ளினாள். நான் இன்றைக்கும் ஃபேக்டரியில் வீணானதைக் கணக்கில் எழுதும்போது யார் தலையில் கட்டுகிறோம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் திருத்த வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். இதற்குப் பொறுமை மட்டும் போதாது, நேரமும் ஆகும். அதனால்தான் ஒரு பேட்சில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

எங்கள் பேட்சில் ஒரு தம்பி வகுப்பில் அடிக்கடி தூங்கிவிடுவான். கேரட் அறுவடைக்கு நள்ளிரவிலேயே ஆள் போவது நீலகிரியில் வழக்கம். பறித்து, மிஷினில் கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால்தான் விடியும்போது மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். அந்த வேலைக்குப் போய்விட்டு, காலேஜுக்கும் போய்விட்டு வருகிறவன் அவன். மேடம் எழுப்பவில்லை. எங்களையும் சத்தம் போட விடவில்லை. வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக உட்கார வைத்து அன்றைய கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஏன் தூங்குகிறாய் என்று எங்கள் முன்னால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனை வைத்து எங்களுக்கு உபதேசமும் செய்யவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். "முதல்ல தமிழ்ல சொல்லு, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதலாம்" என்பார். நாம் சொல்வதைக் கேட்டு, அதற்கான இங்கிலீஷ் வாக்கியத்தை அங்கேயே ரெண்டு மூன்றாக உடைத்துத் தருவார். நீளமாக எழுதச் சொல்ல மாட்டார். தியரிக் கேள்விக்கே பயந்துகொண்டிருந்த நான் ஒரு பக்கம் எழுதப் பழகியது இப்படித்தான்.

அன்பாக இருக்கிறார் என்றதும் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்துவிட வேண்டாம். வொர்க்கிங் நோட் (விடை எப்படி வந்தது என்று காட்டும் படிகள்) இல்லாத கணக்கைத் திருத்தவே மாட்டார், விடை சரியாக இருந்தாலும். வீட்டுக்கணக்கு போடாமல் வந்தால் திட்டு கிடையாது, ஆனால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து போட்டு முடித்த பிறகுதான் அன்றைய பாடம்.

ஃபீஸ் நான் படித்தபோது ஒரு பேப்பருக்கு மாதம் 500 ரூபாய். இப்போது கொஞ்சம் கூடியிருக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது இல்லையா, அது அக்கவுண்டில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு முறை பணம் தாமதமாக வந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாடி அறை ரொம்பச் சின்னது, சிமெண்ட் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார வேண்டும். டிசம்பர், ஜனவரி சாயங்காலங்களில் குளிர் எலும்பு வரைக்கும் போகும். ஒரே ஒரு ட்யூப் லைட், கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்குதான். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மாதிரி கம்ப்யூட்டர் வேலை எதுவும் சொல்லித் தருவதில்லை, அதற்கு நான் தனியாக வேறு இடம் தேட வேண்டியிருந்தது. வேகமும் குறைவு. எல்லோருக்கும் புரிகிற வரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போக மாட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது சலிப்பாக இருக்கும், என் தோழி ஒருத்தி அதனாலேயே நடுவில் நின்றுவிட்டாள். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் போய் முக்கியமான கேள்விகளை மட்டும் குறித்துத் தாருங்கள் என்று கேட்டால் அவரால் உதவ முடியாது, அப்படி அவர் நடத்துவதும் இல்லை.

நவம்பர் பரீட்சைக்கு எழுதப்போகிறவர்கள் ஜூலையிலேயே போய்ப் பேசிவிடுங்கள், ஆகஸ்ட்டுக்குள் இடம் நிரம்பிவிடும். வார நாட்களில் சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் வகுப்பு. போன் அதிகம் எடுக்க மாட்டார், நேரில் போவதுதான் நல்லது. போகும்போது பழைய டெஸ்ட் பேப்பர்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், எவ்வளவு குறைந்த மார்க்காக இருந்தாலும் சரி. அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.