கேக்குக்கும் பன்னுக்கும் ஒரே பீட்டர் போதுமா?

வீட்டில் கேக் செய்ய மின் பீட்டர் வாங்கக் கடைக்குப் போனால், விற்பனையாளர் முதலில் சுட்டிக்காட்டுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். 1,000 வாட், 1,200 வாட், 1,500 வாட் என்று எண் ஏற ஏற இயந்திரமும் வலுவானது என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் அந்த எண், இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே ஒழிய, கிண்ணத்தில் இருக்கும் மாவுக்குப் போய்ச் சேரும் வலுவின் அளவு அல்ல. கிச்சன்எய்ட் நிறுவனத்தின் 4.8 லிட்டர் ஆர்டிசன், மேடையில் வைத்து ஓட்டும், கிண்ணத்தோடு வரும் ஸ்டாண்டு மிக்சர்; அது வெறும் 300 வாட் இயந்திரம். இருந்தும் அது பன் மாவைச் சளைக்காமல் பிசைகிறது. அதன் மோட்டார் பெல்ட் எதுவும் இல்லாமல் உலோகப் பற்சக்கரங்கள் வழியாக கிண்ணத்துக்குள் இறங்கும் பீட்டரை நேரடியாகச் சுழற்றுவதுதான் காரணம். எனவே வாட் எண்ணை ஒதுக்கிவிட்டு, நம் வீட்டில் அடிக்கடி செய்வது எது, ஒரு தடவைக்கு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு இந்த இயந்திரங்களைப் பார்ப்பதே சரி. நான் புழங்கிய இயந்திரங்களை அந்தக் கணக்கிலேயே எடைபோடுகிறேன்.

கையில் பிடித்து அடிக்கும் ஹேண்ட் மிக்சர் ஏறத்தாழ 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று கேக், பிறந்தநாளுக்குக் கொஞ்சம் ஐசிங் என்ற அளவில் பேக்கிங் நடக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. அரைக் கிலோ வெண்ணெய்க் கேக்குக்கு வேண்டிய வெண்ணெயையும் சர்க்கரையையும் ஐந்தாறு நிமிடத்தில் வெளுத்துப் பொங்கும் பதத்துக்கு இது கொண்டுவந்துவிடும். எந்தப் பாத்திரத்திலும் விட்டு அடிக்கலாம், ஓரத்தில் ஒட்டியதை நாமே தேடிப் பிடிக்கலாம், வேலை முடிந்ததும் கம்பிகளைக் கழற்றிக் கழுவி இழுப்பறையில் போட்டுவிடலாம். குறை என்னவென்றால் இதன் சிறிய மோட்டார் சீக்கிரம் சூடேறும். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று கையேட்டில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை; கருகிய வாடை வந்த பிறகுதான் தேடுகிறார்கள். பெட்டிக்குள் மாவு பிசையும் கொக்கிகளும் இருக்கும். அவற்றைக் கொண்டு கால் கிலோ மைதாவைப் பிசையலாம் என்றாலும், இறுகிய மாவில் அவை திணறும்போது நம் மணிக்கட்டும் சேர்ந்து திணறுகிறது.

அளவு குறைவான வேலைகளில் இந்தச் சிறிய இயந்திரமே பெரியதை வெல்கிறது. தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் மூன்றே பொருள்தான். ஆனால் வெள்ளைக்கரு நுரைத்து, கம்பியைத் தூக்கினால் நுனி மடங்காமல் நிமிர்ந்து நிற்கும் பதம் வராவிட்டால் முழுதும் வீண். வீட்டுக்கு என்று இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை ஐந்து லிட்டர் ஸ்டாண்டு மிக்சரின் கிண்ணத்தில் ஊற்றினால், அது அடியில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்க, நுரைக்க அடிக்கும் கம்பியான விஸ்க் அதன் மேலே காற்றில் சுழன்றுகொண்டிருக்கும். அதே வெள்ளைக்கரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் ஹேண்ட் மிக்சரின் கம்பிகளுக்கு உடனே பிடிபடுகிறது. இத்தனை லிட்டர் கொள்ளும் என்று பெருமையாக எழுதும் நிறுவனங்கள், குறைந்தது எவ்வளவு இருந்தால் வேலை நடக்கும் என்பதையும் பெட்டியில் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஸ்டாண்டு மிக்சர் இன்று நேற்று வந்ததல்ல. ஹோபார்ட் நிறுவனப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் ரொட்டிக் கடைகளுக்காக வடிவமைத்த இயந்திரத்தைச் சிறிதாக்கி, 1919இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றார்கள். இங்கிலாந்தில் கென்வுட் செஃப் 1950இல் வந்தது. கடைக்காரர்கள் பிளானட்டரி என்று சொல்லும் சுழற்சிதான் இந்த இயந்திரங்களின் உயிர்: பீட்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, கிண்ணத்தையும் எதிர்த் திசையில் வலம் வருவதால் மாவின் எந்த மூலையும் தப்புவதில்லை. ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கும் இயந்திரங்களும் இதையே செய்கின்றன. வேறுபாடு, பீட்டர் கிண்ணத்தின் அடியை எவ்வளவு நெருங்குகிறது என்பதில் இருக்கிறது. இதைக் கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. வெறும் கிண்ணத்துக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, தட்டையான பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் இடைவெளி சரி. தொடாமலேயே போனால் அடியில் எப்போதும் கலக்காத வெண்ணெய் தங்கும். கிண்ணத்தில் உரசிச் சத்தம் எழுப்பினால் பூச்சு உரிந்து மாவில் விழும். ஆர்டிசனில் இந்த உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தலைப்பகுதி இணையும் கழுத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. நான் பயன்படுத்திய மலிவு விலை இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லாததால், ஒவ்வொரு கேக்குக்கும் இரண்டு முறை நிறுத்தி, கரண்டியால் அடியை வழித்துவிட வேண்டியிருந்தது. கேக் என்னவோ நன்றாகவே வந்தது.

பன்னும் ரொட்டியும் வாரந்தோறும் செய்பவர்களுக்கு மட்டுமே ஸ்டாண்டு மிக்சர் அவசியம் என்பேன். ஈஸ்ட் மாவு பத்து நிமிடம் பிசைபட வேண்டும். தலையைச் சாய்த்துத் திறக்கும் வகை இயந்திரங்களில், மாவு இறுக இறுகத் தலைப்பகுதி ஆட்டம் போடுவதும், மேடையில் இயந்திரம் நகர்வதும் இயல்பு. வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கக் கூடாது. ஈஸ்ட் மாவுக்கு இரண்டாம் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்று கிச்சன்எய்ட் தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. வேகம் கூடினால் பற்சக்கரம் தேய்வதோடு, உராய்வில் மாவும் சூடேறும். நம் ஊர் வெயிலில் அது பெரிய தொல்லை என்பதால் நான் குளிர்ந்த நீர் விட்டே பிசைகிறேன். சப்பாத்தி மாவுக்கு என்றே ஸ்டாண்டு மிக்சர் வாங்க நினைப்பவர்கள், வீட்டிலுள்ள வெட் கிரைண்டரோடு மாவு பிசையும் இணைப்பு வந்திருக்கிறதா என்று பரணில் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்.

வெயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ள வெண்ணெய் ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. ‘அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்’ என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்வது சித்திரை மாதத்துச் சென்னை அறையை அல்ல. எனவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிரவிடக்கூடிய எவர்சில்வர் கிண்ணம் உள்ள இயந்திரமே நமக்கு ஏற்றது. நம் கடைச் சர்க்கரையின் பெரிய மணிகளை எந்த பீட்டராலும் எளிதில் கரைக்க முடியாது. அதை மட்டும் மிக்ஸியில் ஓரிரு சுற்று விட்டு, மாவாகிவிடாமல் குறுமணலாக எடுத்துக்கொண்டால், 2,000 ரூபாய் இயந்திரத்திலும் கேக் பஞ்சாக வரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் ஸ்டாண்டு மிக்சர் வாங்கிவரச் சொல்லும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அங்குள்ளவை 120 வோல்ட் மின்சாரத்துக்கானவை. இங்கு 230 வோல்ட். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் இயந்திரத்தைச் சுமந்துவந்த பிறகு, அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் மேடையில் குடிவைக்க வேண்டும். பழுதானால் வாரண்டியும் பெரும்பாலும் இங்கு செல்லாது. உள்ளூரில் வாங்கும்போதும் பற்சக்கரம், கார்பன் பிரஷ் ஆகிய உதிரிபாகங்கள் உங்கள் ஊர் சர்வீஸ் மையத்தில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

இறைச்சி அரைப்பதற்கும் நூடுல்ஸ் பிழிவதற்கும் என்று தனியே விற்கும் இணைப்புகளுக்கு முதலிலேயே செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டாவது கிண்ணம் ஒன்று வாங்குவது எவ்வளவோ மேல். வெண்ணெய் அடித்த கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது. கிண்ணம் இரண்டு இருந்தால், நடுவில் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.