பழைய போட்டோ சீரமைப்பு: ஸ்கேனரா, கேமராவா, செல்போனா?

ரீடச்சிங், அதாவது பழைய போட்டோவின் கீறலையும் கறையையும் கணினியில் நீக்கும் வேலை, செய்பவர் கைக்குப் போகும் ஃபைலில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் அவரால் மீட்க முடியும். அதில் பதியாத கண்ணிமையையும் புடவைக் கரையையும் அவர் வரைந்துதான் வைக்க வேண்டும். அப்படி வரைந்த கண், பாட்டியின் கண்ணாக இருக்காது. எனவே பிரதி எடுக்கும் வேலையை அலட்சியமாகச் செய்யக் கூடாது. எந்தக் கருவி சரி என்பதைப் போட்டோவின் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வழுவழுப்பான தாள், சுருளாத பிரிண்ட் என்றால், கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்தான். வெளிச்சம் சீராக விழும், கோணலும் வராது. ஆனால் ஸ்கேனரிலும் இரண்டு வகை உண்டு. கேனான் லைடு வரிசையிலும் பெரும்பாலான ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களிலும் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியை ஒட்டிக் கிடப்பது மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். ஓரம் சுருண்டு இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே அந்த இடம் மங்கிப்போகும். எப்சன் வி600 போன்ற சிசிடி ஸ்கேனர் அந்த உயரத்தைத் தாங்கும்.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) விஷயத்தில் அதிகம் போனால் அதிகம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 4×6 அங்குல பிரிண்டுக்கு 600 போதும். 2400×3600 பிக்சல் வரும். அதற்கு மேல் ஏற்றினால் பெரும்பாலும் தாளின் நார்தான் பெரிதாகத் தெரியும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக் கணக்கு வேறு. 300 டிபிஐயில் அது வெறும் 413×531 பிக்சல். மாலை போட்டு மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க அது பற்றாது, 1200 வையுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை மறந்துவிடலாம். 35 மி.மீ. நெகட்டிவை 3200-இல் எடுத்தால் சுமார் 4500×3000 பிக்சல் கிடைக்கும். வி600-இல் உள்ள டிஜிட்டல் ஐஸ் தூசியை நீக்குவது அகச்சிவப்பு ஒளியால். கலர் நெகட்டிவுக்கு அருமையான வசதி அது. கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பை மறைப்பதால் படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். அங்கே அணைத்துவிடுங்கள்.

ஷார்ப்பனிங், தூசி நீக்கம், நிற மீட்பு என ஸ்கேனர் மென்பொருள் தானாகச் செய்யும் எல்லாவற்றையும் அணைப்பது நல்லது. கூர்மையாக்கிய ஸ்கேனில் ஒவ்வொரு கீறலைச் சுற்றியும் வெள்ளை விளிம்பு ஒன்று வந்து உட்காரும். பிறகு கீறலோடு விளிம்பையும் சேர்த்து அழிக்க வேண்டும். கறுப்பு-வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கலர் ஃபைலில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்குகள் (சேனல்கள்) இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அடர்ந்து தெரியும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்திருக்கும். ரீடச்சர் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தாலே பாதிக் கறை போய்விடும். கிரேஸ்கேலில் எடுத்தால் அந்த வழி அடைபடும்.

ஸ்கேனர் தோற்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பட்டுத் துணிபோல் சொரசொரப்பான சில்க் ஃபினிஷ் தாள். அதன் நுண்ணிய புடைப்புகளில் ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமாக விழுந்து, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளை இறைக்கும். கல்யாணப் போட்டோ என்றால் அந்தப் புள்ளியும் ஜரிகைப் புள்ளியும் ஒன்றுபோலவே இருக்கும். புள்ளியை மழுப்பினால் ஜரிகையும் போய்விடும். இரண்டாவது, பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களின் இருண்ட ஓரங்களில் நீலம் கலந்து மினுங்கும் வெள்ளிப் பூச்சு. மூன்றாவது, ஈரத்தில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம். இதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்; ஜெலட்டின் படலம் முகத்தோடு கண்ணாடியிலேயே தங்கிவிடும். வெளிப்பக்கக் குங்குமத்தையும் சந்தனத்தையும் மட்டும், ஈரம் உள்ளே இறங்காதபடி, லேசாக நனைத்த துணியால் துடைத்துவிட்டு அப்படியே படமெடுங்கள்.

இந்த மூன்றுக்கும் டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ வேண்டும், மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. ஒரே வகையான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 டிகிரியில் வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைக்க வேண்டும். டிரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூல ஃபைல்), 2 விநாடி டைமர். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, போட்டோ இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் தெரிந்தால் நேர். மினுமினுப்பைக் கொல்ல, இரண்டு விளக்குகளின் முன்னும் போலரைசிங் ஷீட்டை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஒரே திசையில் பொருத்தி, லென்ஸிலும் போலரைசர் மாட்டி, பளபளப்பு அணையும்வரை அதைத் திருப்ப வேண்டும். சில்க் தாளின் புள்ளிகள் கண்ணெதிரே மறைவதைப் பார்க்கலாம். நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு வைத்து ஒரு ஷாட்டை இதே அமைப்பில் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் 12×8 அங்குலப் படம் சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு 500 பிக்சல் கிடைக்கும், தாராளம்.

கேமரா வசதி இல்லாதவர்கள் சில்க் படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, 180 டிகிரி திருப்பி வைத்து மறுமுறையும் செய்து, இரண்டையும் கொடுக்கலாம். ரீடச்சர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாதிப் பாதி கலந்தால் புள்ளிகள் கணிசமாக அடங்கும்.

செல்போன் படம், ரீடச்சரிடம் எவ்வளவு கூலி ஆகும் என்று கேட்க மட்டும். அதன் மென்பொருள் தானாகவே கூர்மையாக்கும், இரைச்சலை (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளை) மழுப்பும். மங்கிய முகத்தில் தோல் மெழுகுபோல ஆகிவிடும். 'என்ஹான்ஸ்' செய்யும் ஆப்பில் போட்டு எடுத்த படத்தை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். அது ஊகித்து வரைந்த முகம்.

அடுத்து, ஃபைலைச் சேமிப்பது தரம் குறையாத டிஃபா, சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கா? நிறம் வெளுத்த கலர் படம் என்றால் 16 பிட் டிஃப்தான். 8 பிட் ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். வெளுத்த படத்தின் நிறங்கள் அதில் 90 படிக்குள் ஒடுங்கிக் கிடந்தால், அதை இழுத்து விரிக்கும்போது இடைவெளி விழுந்து வானமும் கன்னமும் பட்டை பட்டையாகும். 4×6 படம் 600 டிபிஐயில் 8 பிட் டிஃபாக 26 எம்பி, 16 பிட்டில் 52 எம்பி. நல்ல நிலையில் உள்ள படத்துக்கு உச்சத் தரத்தில் ஒரே ஒருமுறை சேமித்த ஜேபெக் பரவாயில்லை. அதைத் திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமித்தால், 8×8 பிக்சல் கட்டங்கள் முகத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அங்கேயே 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் ஃபைல் மாறாமல் போகும். பத்துப் படங்களுக்கு மேல் என்றால் கூகுள் டிரைவ் லிங்க் வசதி.

ஸ்கேனோடு ஒரு குறிப்பும் போக வேண்டும். இடது கன்னத்தில் இருப்பது மச்சமா, தூசியா என்று ரீடச்சருக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் தாத்தாவின் மச்சத்தை அவர் அழித்துவிடுவார். நெகட்டிவிலிருந்து எடுத்த படத்தில் முந்தானை வலது தோளில் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.