ஹெல்லெபோருக்கு இலை மக்கா, குதிரை எருவா, கோழி உரமா?

லண்டன் ஹாரோல எங்க வீட்டுப் பின்பக்கம் மொத்தமும் களிமண்ணு. மழை பெஞ்சா பூட்ஸ கவ்விப் புடிச்சுக்கும், கோடைல விரல் நுழையற அளவுக்கு வெடிக்கும். இதுல குளிர்காலத்துல பூக்கற ஹெல்லெபோர் செடி வச்சு நாலு வருஷம் ஆச்சு, கடையில கிடைக்கற எல்லா உரத்தையும் போட்டுப் பாத்தாச்சு.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது எந்த வகை ஹெல்லெபோர்னு பாருங்க. டிசம்பர், ஜனவரில வெள்ளையா பூக்கற கிறிஸ்துமஸ் ரோஸ் ஆல்ப்ஸ் மலைக்காரி, சுண்ணாம்பு இருந்தா குஷி, தண்ணி தேங்குனா அழுகிடும். பிப்ரவரி வாக்குல கலர் கலரா வர்ற லென்டன் ரோஸ் களிமண்ணுலயும் சமாளிச்சுக்கும், ஆனா சாப்பாட்டு ராமன்.

கோழி எரு குருணை மலிவு, நாத்தம் தாங்காது. நைட்ரஜன் தூக்கல்ங்கறதால நான் அள்ளிப் போட்ட வருஷம் இலை மட்டும் யானைக் காது மாதிரி தளதளன்னு வந்துச்சு, பூ எண்ணி மூணு, அப்புறம் அசுவினிப் பூச்சி, அதுக்கும் அப்புறம் இலையில கருப்புத் திட்டு. தெற்கு லண்டன் பர்லில இருக்கற அக்கா, பெரியம்மா பொண்ணு, பாத்துட்டு, "சோறு போட்டே கெடுத்துட்டடா"ன்னாங்க.

மீன், ரத்தம், எலும்பு மூணும் கலந்த தூள் இதவிட எவ்வளவோ மேல், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து மூணுமே கிட்டத்தட்ட சமமா இருக்கும், மெதுவா கரையும். ஒரே தொல்லை நரி. வாசனை புடிச்சுட்டு ராத்திரி வந்து செடியோட தோண்டிப் போட்டுட்டுப் போயிடும், அதனால மண்ணுல நல்லா கிளறி விட்டு மேல மூடிடணும். பூக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி, செப்டம்பர்ல ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அடுத்த சீசன் மொட்டுக்கான வேலைய செடி கோடை கடைசிலயே ஆரம்பிச்சுடும், அதனால அந்த செப்டம்பர் சாப்பாட்ட மட்டும் மறக்காதீங்க.

ஆனா என்னக் கேட்டா உர மூட்டையே ரெண்டாம் பட்சம், மண்ணோட உடம்பு சரியாகணும். வேர் ஆழமா இறங்கற செடி இது. குதிரை எரு சத்து உள்ளது, ஒரு வருஷமாவது மக்கினதா இருக்கணும், பச்சையா போட்டா வேர் வெந்துடும். காளான் பண்ணைல மிஞ்சற காம்போஸ்ட்ல சுண்ணாம்பு உண்டு, எங்க களிமண்ணு கிறிஸ்துமஸ் ரோஸுக்கு அது நல்லா ஒத்துப்போச்சு, ஆனா பர்லில அக்கா வீட்டு அடியிலயே சுண்ணாம்புப் பாறை, அவங்களுக்கு அது தண்டச் செலவு.

இலை மக்குல சத்து கம்மிதான். இருந்தும் என் ஓட்டு அதுக்குத்தான், ஏன்னா ஹெல்லெபோர் வளர்றதே மரத்தடில இலை உதிர்ந்து மக்கற இடத்துலதானே, களிமண்ண பொலபொலன்னு ஆக்கிடுது, சுண்ணாம்பு மண்ணுல ஈரத்தப் புடிச்சு வைக்குது, காசும் கிடையாது. நவம்பர்ல கூட்டற இலைய ஓட்டை போட்ட கருப்புப் பையில நனைச்சுக் கட்டி வச்சா ஒண்ணு ரெண்டு வருஷத்துல ரெடி. 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்க, செடியோட கழுத்து, அதாவது தண்டு மண்ணுல சேர்ற இடம், அது மேல மட்டும் குவிக்காதீங்க, அங்க ஈரம் நின்னா போச்சு.

தொட்டியில வைக்கறவங்க ஆழமான தொட்டியா எடுத்து ஜான் இன்னஸ் 3-ன்னு கிடைக்கற, மண்ணு சேர்ந்த தொட்டிக் கலவை போடுங்க. சாதா மல்டி பர்ப்பஸ் காம்போஸ்ட் மட்டும் போட்டா சீக்கிரமே அமுங்கி, தண்ணி ஊத்துனா ஓரமா ஓடிடும், வேர் காஞ்சே கிடக்கும்.