காட்டெருமைத் தொப்பி டவல்: குன்னூர்த் தையல் கடை ஒன்றின் வேலை

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு சந்தில் இருக்கும் சிறிய தையல் கடையில், குளித்துவிட்டு வரும் குழந்தையின் தலையையும் உடம்பையும் ஒருசேரப் போர்த்தும் தொப்பி டவலை, நாம் கேட்கும் விலங்கின் முகத்தோடு தைத்துத் தருகிறார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. பள்ளிச் சீருடையும் ரவிக்கையும்தான் அங்கே அன்றாட வேலை. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் ஒரே பெண்மணி. எங்கள் நான்கு வயதுப் பேத்திக்குக் காட்டெருமை முகம் வைத்த டவல் ஒன்றை அவரிடம் தைக்கக் கொடுத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க அது நனைந்தும் காய்ந்தும் ஆகிவிட்டதால், இப்போது அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விளையாட்டுப் பொருளாகத் தோன்றக்கூடும். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் வீடுகளில், அதிலும் குளியலறை வீட்டுக்கு வெளியே இருக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கான எஸ்டேட் லைன் வரிசை வீடுகளில், ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவது அன்றாடப் பாடு. தலைமுடியில் இருக்கும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். சாதாரண டவலைத் தலையில் போட்டால் தோள் திறந்துகொள்ளும். தோளைப் போர்த்தினால் தலை திறந்துகொள்ளும். தொப்பியை டவலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். இரண்டாம் நாள் அதில் பூஞ்சை வாடை ஏறிவிடும். ஆகவே இங்கே ஒரு டவலை மதிப்பிடுவதற்கு முதல் அளவுகோல், அது எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதே. இணையத்தில் வாங்கக் கிடைக்கும் விலங்கு முக டவல்களில் பல, தொட்டால் பட்டுப்போல் இருக்கும் பாலியெஸ்டர் ஃபிளீஸ் துணியில் வருகின்றன. அவை சீக்கிரம் காயும் என்பது உண்மைதான்; தண்ணீரை உறிஞ்சினால்தானே காய்வதற்கு நேரம் பிடிக்கும்? உடம்பின் மேல் இருக்கும் தண்ணீரை இங்கிருந்து அங்கே தள்ளிவிடுவதைத் தவிர அவை வேறொன்றும் செய்வதில்லை.

இந்தத் தையல்காரர் பருத்தி டர்க்கி டவலைத் தவிர வேறு துணியில் தைப்பதில்லை. துணியை நாமே வாங்கிக் கொடுக்கலாம், அல்லது அவர் வைத்திருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாமே கொண்டுபோனால், கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, கனம் அதிகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். கடைக்காரர்கள் ஜி.எஸ்.எம். என்று சொல்வது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதைத்தான். 75 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள பெரிய டவலின் பரப்பு 1.125 சதுர மீட்டர். அது 400 ஜி.எஸ்.எம். துணியாக இருந்தால் எடை 450 கிராம், 600 ஆக இருந்தால் 675 கிராம். சீட்டில் அச்சிட்டிருப்பதில் சந்தேகம் இருப்பவர்கள் சமையலறைத் தராசில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். 600 ஜி.எஸ்.எம். டவல் கைக்கு மெத்தென்று சுகமாக இருக்கும் என்றாலும், இந்த ஈரக்காற்றில் 400 அளவுக்கு மேல் போகக் கூடாது என்கிற அவருடைய கணக்கு சரியானது என்றே எங்கள் அனுபவமும் சொல்கிறது. மாலையில் பயன்படுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் விரித்துப் போட்டால், மறுநாள் மாலைக்குள் டவல் காய்ந்துவிடுகிறது.

வெட்டும் முறையிலும் அனுபவம் தெரிகிறது. உடம்புக்கு ஒரு பெரிய டவல், தொப்பிக்கு ஒரு கைத்துண்டு. கைத்துண்டின் முனையில், டர்க்கி துணிக்கே உரிய நூல் சுருள் இல்லாமல் தட்டையாக வரும் பார்டர் பட்டையை முகத்தைச் சுற்றி வரும்படி வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். பலர் அப்படித்தான் தைக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டையும் சுருள் பகுதியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. சில தடவை துவைத்ததும் பட்டை இழுத்துக்கொண்டு, தொப்பியின் விளிம்பு கோணிவிடும். இவர் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தைக்கிறார். அந்த மடிப்பினால் தொப்பி நெற்றியில் நிற்கிறது. கண்ணை மறைத்துக்கொண்டு கீழே இறங்குவதில்லை. பெரிய டவலின் நீளவாட்டு விளிம்பின் நடுவில் கொசுவம்போல் ஒரு பிளீட் பிடித்து, அந்த இடத்தில் தொப்பியைப் பொருத்தியிருப்பதால் தோளில் துணி விறைத்துக்கொள்ளாமல் விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கொம்புதான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டெருமைகளைத் தினமும் பார்க்கும் குழந்தைக்குக் கொம்பு சரியாக இல்லாவிட்டால் அது காட்டெருமையே அல்ல. கடையில் விற்கும் பொம்மை டவல்களில் காதுக்கும் கொம்புக்கும் பஞ்சு அடைத்திருப்பார்கள். அப்படியே வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார்.

“கொம்புக்குள்ள பஞ்சு வெச்சா நம்ம ஊர் மழைக்குக் காயவே காயாதுங்கம்மா. டவல் காஞ்சாலும் கொம்பு ஈரமாவே இருக்கும், அப்புறம் நாத்தம் புடிச்சுக்கும்” என்றார்.

அதற்குப் பதிலாக, வெளிர் மஞ்சள் காடாத் துணியை இரண்டடுக்காக வளைத்து வெட்டி, உள்ளே எதுவும் அடைக்காமல், வளைவின் போக்கிலேயே நெருக்கமாக நான்கைந்து தையல் ஓட்டியிருக்கிறார். அந்தத் தையல் வரிகளே கொம்புக்கு விறைப்பைக் கொடுக்கின்றன. பார்ப்பதற்குக் கொம்பின் மேலுள்ள வளையங்கள் போலவும் இருக்கின்றன. நுனியில் கறுப்புத் துணி. கொம்பின் அடியைத் தொப்பியின் மேல் வெறுமனே ஒட்டவைத்தாற்போல் தைக்காமல், தொப்பியில் சிறிதாகக் கீறி, அடியை உள்ளே நுழைத்து, இரண்டு தடவை ஓட்டியிருப்பதால், குழந்தை கொம்பைப் பிடித்தே டவலை இழுத்துக்கொண்டு திரிந்தும் இதுவரை பிரியவில்லை.

கண்ணுக்குப் பொத்தான் வைப்பதில்லை என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடும். பிய்ந்து வந்த பொத்தான் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே கண்ணும் மூக்குத் துளையும் நெருக்கமான ஜிக்ஜாக் தையலில் வந்திருக்கின்றன. தொப்பியைக் கழுத்தில் கட்டிக்கொள்ள நாடா கேட்கிறவர்களுக்கும் அவர் வைத்துத் தருவதில்லை. கழுத்தைச் சுற்றி இறுகக்கூடிய எதுவும் குழந்தையின் உடையில் இருக்கக் கூடாது என்பதால் அதுவும் சரியே.

நாங்கள் கேட்காமலே அவர் சேர்த்தது கால்கள். டவலின் கீழ் மூலைகள் இரண்டிலும் வெள்ளைத் துணியில் சிறிய பை வைத்து, முனையில் கறுப்பாகக் குளம்பு தைத்திருக்கிறார். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும் அல்லவா, அதுதான். குழந்தை கைகளை அந்தப் பைகளுக்குள் விட்டு டவலை முன்னால் இழுத்து மூடிக்கொள்கிறது. அழகுக்காகச் செய்தது என்று முதலில் நினைத்தோம். டவல் நழுவாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

தையலின் உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். தொப்பி சேரும் இடத்தில் டர்க்கி துணி நான்கு அடுக்காகச் சேர்கிறது. சட்டை தைக்கும் மெல்லிய ஊசி அங்கே வளைந்துவிடும். தடித்த 16 ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக விட்டு ஓட்டியிருக்கிறார். வெட்டிய விளிம்புகளில் சுருள் உதிராமலிருக்க நூலால் விளிம்பைச் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் தையல் அடித்து, குழந்தையின் தலையில் உரசும் இடத்தை மட்டும் கிராஸ் பீஸால், அதாவது குறுக்குவாட்டில் வெட்டிய பருத்திப் பட்டையால், மூடியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. பெரியது சாயம். அடர் காப்பிக்கொட்டை நிறத் துணியை அவருடைய கடையிலேயே எடுத்துக்கொண்டோம். முதல் தடவை நனைத்ததுமே சாயம் இறங்கி வெள்ளைக் காலுறைகள் இரண்டும் பழுப்பாகிவிட்டன. அடர்நிறத்தையும் வெள்ளையையும் சேர்த்துத் தைக்கும்போது, துணியைத் தைப்பதற்கு முன்பே சாயம் நிற்கும்வரை அலசிக் காயவைக்க வேண்டியது தைப்பவரின் பொறுப்பு. துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும். இவ்வளவு யோசித்துத் தைப்பவர் இதை எப்படி விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னபோது, மறுபேச்சின்றிக் காலுறைத் துணியை மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, சொன்ன நாளில் கிடைக்காது. தீபாவளிக்கு முன்பும், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பும் அவரிடம் கொடுப்பது வீண். சீருடைக் குவியலுக்கு அடியில் காட்டெருமை படுத்தே கிடக்கும்.

துணிக்குத் தனியாகக் கொடுத்துவிட்டால் கூலி 350 ரூபாய். கரடி, கருமந்தி, மலை அணில் ஆகியவற்றையும் தைக்கிறார். வரையாடு கேட்டால் மட்டும் தயங்குகிறார்; பின்பக்கமாக வளையும் அந்தக் கொம்பு பஞ்சில்லாமல் நிற்காதாம். சிங்கமும் பாண்டாவும் வேண்டும் என்பவர்கள் ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு இந்த அளவு பொருந்தாது. சதுரத் துணியின் ஒரு மூலையில் முக்கோணத் தொப்பி வைத்த சிறிய டவலாகக் கேளுங்கள். எதைக் கேட்டாலும், கழுத்துப் பக்கம் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு பட்டை வளையம் வைக்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வைப்பதில்லை, தொப்பியைப் பிடித்து மாட்டினால் ஈரக் கனத்தில் தையல் இழுத்துக்கொள்கிறது.