தாப்பா கயோலின் என்று வந்தது சுண்ணாம்புக்கல் தூள்: 1,840 ரிங்கிட் போனது

கோலாலம்பூரில் மண்பாண்டக் கூடம் நடத்துவோரும் வீட்டில் சிறு சூளை வைத்திருப்போரும் இதைப் படித்த பிறகு மூட்டைக்குப் பணம் செலுத்துங்கள். கயோலின் என்னும் இறக்குமதி வெண்களிமண்ணுக்குப் பதிலாக உள்ளூர் வெண்களிமண்ணைக் கிளேஸில், அதாவது சூளையில் உருகிப் பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சில், எப்படிச் சேர்ப்பது என்பதையும் கீழே எழுதுகிறேன். முதலில் அந்த 1,840 ரிங்கிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பேராக்கின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் கயோலின் கிடைக்கிறது என்பது மண்வேலை செய்வோர் அறிந்ததே. இணையச் சந்தை ஒன்றில் கிளேஸ் மூலப்பொருள் விற்கும் ஒரு கடை "தாப்பா கயோலின்" என்று விளம்பரம் செய்திருந்ததால், செந்தூலில் உள்ள எங்கள் கூடமும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்க நினைத்து, மாதிரிப் பொட்டலம் ஒன்றை வரவழைத்தோம். நூற்றுக்கு 20 பங்கு கயோலின் சேரும் எங்கள் கலவையில் அதையிட்டுச் சோதனை ஓடுகளைச் சுட்டபோது, பூச்சு வழியாமல், இறக்குமதி மண்ணில் வருவதுபோலவே பால்வெண்மையாக அமைந்தது. கடைக்காரர் தொலைபேசியில், "மூட்டையும் இதே மண்ணுதாண்ணே, நம்ம ஆளுங்களுக்கு மாத்திக் கொடுப்பேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முழுப் பணத்தையும் அனுப்பினோம்.

மூட்டைத் தூளைக் கரைத்ததும் அது வாளியின் அடியில் கல்லாக இறுகியது. கேட்டதற்கு, உள்ளூர் மண் அப்படித்தான் இருக்கும், சிறிது பென்டோனைட் களிமண் சேருங்கள் என்றார். சேர்த்ததும் கலவை மிதந்து நின்றது. ஆனால் 1280 பாகையில் சுட்டுச் சூளையைத் திறந்தபோது, தீபாவளிக்கு ஒப்புக்கொண்ட கிண்ணங்கள் அனைத்தும் சூளைத் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. மீதித் தூளில் வினிகர் விட்டேன், பொங்கி நுரைத்தது. கயோலின் ஒருபோதும் நுரைக்காது. கயோலின் தரும் அலுமினாதான் உருகிய பூச்சைப் பாத்திரத்தில் பிடித்து நிறுத்துகிறது. சுண்ணாம்போ அந்தச் சூட்டில் பூச்சை மேலும் இளக்கி ஓடவிடுகிறது. மாதிரியில் மண்ணைக் காட்டி, மூட்டையில் சுண்ணாம்பை அடைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வந்தவை சாக்குப்போக்குகள் மட்டுமே. சூளையின் சூடு அதிகம் என்றார்கள். கிளேஸில் நாங்கள் சேர்க்கும் ஃபெல்ஸ்பார் கல்தூள் சரியில்லை என்றார்கள். பிரித்த மூட்டையைத் திரும்பப் பெறமாட்டோம் என்றார்கள். நுரைக்கும் காணொளியை அனுப்பியதும் பதிலே நின்றுவிட்டது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்தது என்று இணையச் சந்தையும் கைகழுவிவிட்டது. ஒரு கிளேஸைக் கலந்து, பூசி, உலர்த்திச் சுடாமல் அதன் குணம் எப்படித் தெரியும்? நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியில் பயன்படுத்துவதற்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகவே கருதுவதில்லை. பாத்திரம் விற்றுப் பிழைக்கும் எங்களுக்கு அந்தக் கதவும் அடைப்பு. 1,840 ரிங்கிட்! வீணான சூளைத் தட்டுகளும் கிண்ணங்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை. எங்கள் சோதனை ஓட்டின் படம் மட்டும் அவர்கள் விளம்பரத்தில் இன்றும் இருக்கிறது.

உள்ளூர் மண்ணைச் சேர்க்கும் முறையை விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். மாதிரி நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நன்கு உலர்ந்த தூளில் 100 கிராமை 1000 பாகையில் சுட்டு நிறுத்துப் பாருங்கள்: கயோலின் ஏறக்குறைய 86 கிராம் மிஞ்சும், சுண்ணாம்புக்கல் 56தான் மிஞ்சும், அந்த மிச்சம் சுட்ட சுண்ணாம்பு என்பதால் ஈரக்கையால் தொடாதீர்கள். மூட்டையைப் பிரிப்பதையும் காணொளியாக எடுத்து வையுங்கள்.