பிள்ளையை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த மாதம் 5ஆம் தேதி கடைசித் தவணை 2,000 ரூபாயை என் கணக்கிலிருந்து பிடித்தார்கள். என் மகள் அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. பத்தாவது ரிசல்ட் வரும் நேரம் என்பதால் ஊர் முழுக்க மறுபடியும் பேனர் கட்டிவிட்டார்கள். போன வருடம் அப்படி ஒரு பேனரைப் பார்த்துத்தான் நானும் போனேன். வேறு எந்த அம்மாவும் அப்பாவும் என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. ஒன்றை மூடினால் இன்னொன்று இதையேதான் செய்யும், அதனால் அவர்கள் செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கரூரில் ஒரு பெட்ஷீட் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன், பதினான்கு வருடமாக. எங்கள் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண்கள், துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் போனில் பேசுவதைத் தினமும் பார்க்கிறேன். என் பெண்ணும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அவள் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் எடுத்தாள். "கிளாஸ்ல எழுந்து நின்னு பேசத்தாம்மா பயமா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனோம்.

பேனரில் "90 நாளில் சரளமான ஆங்கிலம், ஒரு பேட்சில் 8 பேர் மட்டும், கேம்பிரிட்ஜ் சான்றிதழ்" என்று போட்டிருந்தது. முதல் நாள் இலவச டெமோ வகுப்பு எடுத்தவர் ஐம்பது வயது சார். அருமையாக எடுத்தார். பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியமாவது சொல்ல வைத்தார். என் மகளும் சொன்னாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவரை அதன் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

டெமோ முடிந்ததும் "லெவல் டெஸ்ட்" என்று இருபது கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னார்கள். பேசக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பேச வைத்துப் பார்க்காமல் என்ன லெவல் பார்த்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு கேமரா முன்னால் நிறுத்தி, "உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றார்கள். தயார் செய்ய நேரமே தரவில்லை. அவள் திக்கினாள், பாதியில் நின்றாள், கண் கலங்கினாள். "இது நம்ம ரெக்கார்டுக்குத்தான் மேடம்" என்றார் கவுன்சிலர். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா நல்ல பாப்பா மேடம், ஆனா லெவல் ரொம்ப லோ. இப்ப விட்டா பிளஸ் ஒன்னுல திணறிடும். ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்றார். என் பெண் அழுததை என் கண்ணால் பார்த்த அடுத்த நிமிடம் அது. எந்தத் தாயாலும் வேண்டாம் என்று எழுந்து வர முடியாத நிமிடம் அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபீஸ் 28,000. என்னிடம் 4,000தான் இருந்தது. மீதி 24,000த்தை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டி இல்லாத இ.எம்.ஐ. என்றார்கள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, அப்புறம் போனில் வந்த ஓ.டி.பி. "கடன்னு நினைக்காதீங்க மேடம், ஃபீஸைப் பிரிச்சுக் கட்டறீங்க, அவ்வளவுதான்."

அது கடன்தான். ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் 24,000 கடன் போட்டு, முழுப் பணத்தையும் அன்றைக்கே மையத்துக்குக் கொடுத்துவிட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தவணை கட்ட வேண்டியது நான். மகளிர் குழுவில் கடன் வாங்கும்போது பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். அத்தனை வருடம் குழுவில் இருந்த நான், ஓ.டி.பி.யைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதுதான் என்று யோசிக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் கொடுப்பவர் அசல், மொத்தச் செலவு, தவணை எல்லாம் உள்ள முக்கிய விவர அறிக்கையை முன்கூட்டியே தர வேண்டும். மனம் மாறினால் அசலையும் அதுவரைக்கான வட்டிச் செலவையும் மட்டும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேற ஆரம்பத்தில் ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. எனக்கு அந்த அறிக்கை ஈமெயிலில் வந்திருக்கிறது. அந்த ஈமெயிலையே மையத்துக்காரர்தான் என் போனில் புதிதாகத் திறந்து கொடுத்தார். நான் அதைப் பார்த்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது.

வகுப்புக்கு வருவோம். எட்டுப் பேர் என்ற பேட்சில் இருபத்தாறு பேர். ஒரு மணி நேரத்தில் டீச்சர் நாற்பது நிமிடம் பேசி, போர்டில் எழுதுவார். மிச்சம் இருபது நிமிடத்தை இருபத்தாறு பேருக்குப் பிரித்துப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. நாலு மாதத்தில் மூன்று டீச்சர் மாறினார்கள். அதில் ஒரு பெண், அந்த மையத்திலேயே போன பேட்சில் படித்தவள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரியாத வேலையை அந்தப் பெண்ணின் தலையில் கட்டியிருந்தார்கள்.

கொடுத்த புத்தகம் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் குத்தியது. அதிலிருந்து ஒரு பக்கம் சுய அறிமுகம் மனப்பாடம். எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர் அக்காவிடம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார். "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்துப் பெயரைச் சொல்வது தவறு. "ஐ ஆம் ஹேவிங் ஒன் பிரதர்" தவறு, "ஐ ஹேவ்" என்று வர வேண்டும். "டிஸ்கஸ் அபௌட்" தவறு, "டிஸ்கஸ்" மட்டும் போதும். ஒரே பக்கத்தில் ஏழு வட்டம். "இதை மனப்பாடம் பண்ணினா இன்டர்வியூல முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுடும் அக்கா" என்றார். பணம் கட்டி என் பிள்ளைக்குத் தப்பைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்தது ஃபைன். வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை பேசினால் ஐந்து ரூபாய். இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. பஸ்ஸுக்குக் கொடுத்த காசு பத்தாமல் இரண்டு நாள் நடந்து வந்தாள், விசாரித்தபோதுதான் வெளியே வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தாள், மொத்தம் 185 ரூபாய். பிறகு ஃபைன் வரவே இல்லையாம். "நான் பேசறதையே நிறுத்திட்டேம்மா, பேசலைன்னா ஃபைன் இல்லைல்ல" என்றாள். பேசுவதற்குப் பயந்த பிள்ளையைப் பேசவே கூடாது என்று பழக்கிவிட்டார்கள். தமிழில் யோசித்து, சந்தேகத்தைத் தமிழில் கேட்டு, அப்புறம் இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு, தமிழைத் திறந்தால் காசு என்றால் அது எந்தப் படியில் ஏறும்?

கடைசியாக அந்த வீடியோ. முதல் நாள் அழுதது "முன்பு", மனப்பாடம் ஒப்பித்தது "பின்பு" என்று ஒட்டி, அவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். புதுப் பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்தார்கள். திக்கிய இடத்தை அவளைப் போலவே பேசிக் காட்டினார்கள். மூன்று நாள் பள்ளிக்கே போகவில்லை. பணம் போனதை நான் சம்பாதித்து ஈடுகட்டிக்கொள்வேன். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

போய்க் கேட்டால், சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் "படம், வீடியோ பயன்படுத்தச் சம்மதம்" என்று இருப்பதைக் காட்டினார்கள், என் கையெழுத்தோடு. இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அது பொருந்தும். மாணவரின் பெயர், படம், சான்றுரையை எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அந்தச் சம்மதத்தையும் மாணவர் வெற்றி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். சேரும் நாளிலேயே வாங்கி வைக்கும் கையெழுத்து செல்லாது. ஆசிரியரின் தகுதி பற்றியும் வகுப்பைப் பற்றியும் பொய் சொல்லி விளம்பரம் செய்வதும் அதே நெறிமுறையில் தடை. இதை எழுதி, மகள் மைனர் என்று குறிப்பிட்டு, காவல் நிலையத்திலும் கொடுப்பேன் என்று சேர்த்து, ஒப்புகையோடு ஒரு கடிதம் கொடுத்தேன். மறுநாள் காலை வீடியோ இல்லை. அதுவரை ஆறு முறை வாயால் கெஞ்சியிருந்தேன்.

பணத்துக்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் நிறுவனத்திடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. அப்படியும் 7,000 திரும்பி வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. ஆனால் முறையான பில் என்னிடம் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்தான் இருந்தது. கேட்டும் பில் கொடுக்காமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தவறை நீங்கள் செய்யாதீர்கள். நான் கோபத்தில் ஒரு மாதம் கணக்கில் பணம் வைக்காமல் விட்டேன். தவணை பணமில்லாமல் திரும்பியதற்கு வங்கி ஒரு பக்கம், நிதி நிறுவனம் ஒரு பக்கம் பவுன்ஸ் கட்டணம் போட்டார்கள், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலிலும் ஏறிவிட்டது. தவணையை நிறுத்தும் முன், வகுப்பு சொன்னபடி நடக்கவில்லை என்று நிதி நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

கேம்பிரிட்ஜ் சான்றிதழ் என்றதும் பொய். கொடுத்தது அவர்களே அச்சடித்த தாள். உண்மையான கேம்பிரிட்ஜ் தேர்வு என்றால், அங்கீகாரம் பெற்ற தேர்வு மையத்தில் தனிக் கட்டணம் கட்டி எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏ2 (அடிப்படை நிலை), பி1 (இடைநிலை) தேர்வுகளில் பேச்சுத் தேர்வு தனியாக உண்டு, இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து இரண்டு தேர்வாளர்கள் நடத்துவார்கள். ஏ2 நிலையை எட்ட ஆசிரியர் உதவியோடு சுமார் 180 முதல் 200 மணி நேரம், பி1 நிலைக்கு மொத்தம் 350 முதல் 400 மணி நேரம் என்று கேம்பிரிட்ஜே கணக்குச் சொல்கிறது. தினம் ஒரு மணி நேரம் வீதம் 90 நாள் என்றால் 90 மணி நேரம். இந்தக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் அந்தப் பேனரை நான் நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஒருவரிடம் போகிறாள். நான்கு பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய், மாதம் முடிந்ததும் கொடுத்தால் போதும். முதல் நாள் அவர் தமிழிலேயே, "உனக்கு என்ன பிடிக்கும் சாமி?" என்று கேட்டார். சமையல் என்றாள். அன்றிலிருந்து என்ன சமைத்தாள் என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொல்கிறார். தப்பாகச் சொன்னால் நடுவில் நிறுத்துவதில்லை, முழுக்கக் கேட்டுவிட்டு அதே வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்வார். நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சர் குரலைவிடப் பிள்ளைகள் குரல்தான் அதிகம் கேட்கும். நீங்களும் டெமோவை நம்பாமல், நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பின் வாசலில் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். விட மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். டெமோ எடுப்பவர்தான் தினமும் வருவாரா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

என் மகள் இன்னும் வகுப்பில் தானாக எழுந்து நிற்பதில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள். இதை எழுதுகிறேன் என்றதும், "என் பேரைப் போடாதேம்மா, ஆனா ஃபைன் விஷயத்தைக் கண்டிப்பா எழுது" என்றாள்.

நேற்று அந்த மையத்தின் பக்கத்தைப் பார்த்தேன். "முன்பு", "பின்பு" என்று ஒரு பையனின் வீடியோ இருக்கிறது. பதின்மூன்று வயது இருக்கும், முன்பு என்ற பாதியில் அவனும் கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் வீட்டார் யாராவது இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நான் கொடுத்த கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றி நாளைக்கே கொடுத்துவிடலாம்.